பெட்டைக் குட்டிக்கு விலை அதிகம்

அச்சகத்துக்குள் காலை வைத்த மைக்கேல் அப்படியே நின்றுவிட்டான்.

தலைக்கு மேலே சுவருக்குச் சுவர் கட்டியிருந்த சணல் கயிற்றில் வரிசையாக நாய்கள் தொங்கின.

காகித நாய்கள்தான். மை காய்வதற்காகக் கிளிப் போட்டு மாட்டிய சான்றிதழ்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் அதே வெள்ளை நாய், அதே நீண்ட மூக்கு, அதே ஒட்டிய வயிறு. கீழே 'அசல் ராஜபாளையம் இனம்' என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. அதற்கும் கீழே உரிமையாளர் பெயர். அந்த இடத்தில் மட்டும் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு பெயர்.

அவன் அடிக்கச் சொல்லி வாங்கிப் போன சான்றிதழ் அது. வாசகம் அவனுடையது. அந்தப் படம் அவன் நாயின் படம்!

"வாரும் ஓய், மைக்கேல்," என்றார் பாஷ்யம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடித்துப் பிழைப்பவர். நெற்றியில் திருமண், விரல்களில் கறுப்பு மை. "நாய் ஜாதகத்துக்குத்தானே வந்தீர்? செத்த உக்காரும். பேரை மட்டும் மாத்தணும். மத்த எழுத்தெல்லாம் கோத்தது கோத்தபடியே இருக்கு. கலைக்கவே விட மாட்டேங்கறா."

"யாரு சாமி விட மாட்டேங்கிறது?"

"உம்மூர்க்காராதான்."

மைக்கேலுக்கு உட்காரத் தோன்றவில்லை. கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. மடித்த கடிதம் உள்ளே இருந்தது. இன்று மாலை ஐந்து மணிக்குள் மில்லில் கொடுத்துவிட வேண்டிய கடிதம்.

ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் அவன் ஃபிட்டர். எட்டு வருடம் பதிலித் தொழிலாளியாகத் தினமும் விடியற்காலையில் மில் வாசலில் நின்று, யாராவது வராமல் போனால்தான் வேலை என்று கிடந்து, அதன் பிறகு நிரந்தரம் ஆனவன். நிரந்தரமாகி ஆறு வருடம் ஆகிறது. இப்போது மில்லுக்குப் புது மெஷின் வருகிறது. ஆட்களைக் குறைக்க வேண்டும். விருப்பப்பட்டுக் கணக்கு முடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு தொகை சேர்த்துத் தருவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். 1989 ஜூன் மாதத்து அந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.

அந்தத் தொகையில் சிமெண்ட் ஷெட் போட்டு, இன்னும் மூன்று பெட்டை நாய்களை வாங்கிவிட்டால் மில் சங்குக்குப் பயந்து எழுந்திருக்க வேண்டியதில்லை என்பது மைக்கேலின் திட்டம்.

"சங்கு ஊதுனா எந்திரிக்கிற மனுசன், இனி நாயி கொரச்சா எந்திரிக்கப் போறீங்களாக்கும்," என்று மட்டும்தான் மனைவி தங்கபாய் சொன்னாள். ஆனால் காலையில் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்ததும் அவள்தான். வைத்துவிட்டு, "ஒரு தடவ கொடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது, பாத்துக்கிடுங்க" என்றாள்.

மைக்கேல் கயிற்றுக்குக் கீழே நடந்து பெயர்களைப் படித்தான். மூன்றாவது தாளில் கண் நின்றது.

உரிமையாளர்: ப. சமுத்திரம்.

"சமுத்திரமா? சாமி, இவன் என்கூட ஒரே ஷிப்டுல வேலை பாக்கான்! என்கிட்டதான் குட்டி வாங்குனான். மாமனாரு மாந்தோப்புக் காவலுக்குன்னுல்ல சொன்னான்!"

"எல்லாரும் மாந்தோப்புக் காவலுக்குன்னுதான் சொல்றா. அத்தனை மாந்தோப்பு மதுரை ஜில்லா முழுக்க இருக்குமாங்கறது சந்தேகம்," என்று பாஷ்யம் சிரித்தார்.

"மொத்தம் எம்புட்டுப் பேரு?"

பாஷ்யம் ஆர்டர் நோட்டைப் புரட்டினார். "எம்பத்தாறுல மொத மொதல்ல நீர் ஒருத்தர்தான் வந்தீர். மறு வருஷம் ஆறு பேர். போன வருஷம் இருபத்திரண்டு. இந்த வருஷம் ஆனி பொறக்கறதுக்குள்ளயே நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொண்ணா! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சாமி?"

"நன்னா இருக்கே! உள்ள வந்து கதவைச் சாத்திட்டு, 'ஊர்ல யாருக்கும் தெரிய வேண்டாம்'னு காதுல சொன்னது யாரு? நீர்தானே? அந்த நாப்பத்தோரு பேரும் அதையேதான் சொன்னா. நான் நாப்பத்தோரு பேருக்கும் வாக்கைக் காப்பாத்தியிருக்கேன், ஓய்!"



அவர் சொன்னது சரிதான். ராஜபாளையத்தில் அந்த நாயை விலை பேசி விற்பது பழைய வீடுகளில் கேவலம். வேண்டியவர்கள் கேட்டால் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் ஒன்றேகால் ரூபாயும் வாங்கிக்கொண்டு குட்டியைத் தூக்கிக் கொடுப்பார்கள். வெளியூர்க்காரனுக்குக் காசுக்கு விற்கிறான் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது. அதனால் ராஜபாளையத்திலேயே நான்கு அச்சகங்கள் இருக்க, மைக்கேல் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து ரகசியமாகச் சான்றிதழ் அடித்துக்கொண்டு போனான். நாயையும் சேத்தூரில் தங்கபாயின் அண்ணன் வீட்டுக் கொல்லையில் கட்டினான்.

அதே யோசனை அதே ஊரில் இன்னும் நாற்பது பேருக்கு வந்திருக்கிறது. எல்லோரும் அதே பஸ்ஸில் ஏறியிருக்கிறார்கள். எல்லோரும் இதே கதவைச் சாத்தியிருக்கிறார்கள்!

"ஆனா ஒண்ணு பாத்தேன்," என்றார் பாஷ்யம், டிரெடில் அச்சு மெஷினுக்கு மை தடவிக்கொண்டே. "காவலுக்கு வளக்கறவனுக்கு ஜாதகம் எதுக்கு? குட்டி வாங்கறவா ஒருத்தரும் இங்க வரலை. விக்கறவாதான் வரா. போன வருஷம் வாங்கறவரா இருந்தவர் இந்த வருஷம் விக்கறவரா வந்து நிக்கறார். சரி, உமக்கு எத்தனை அடிக்கட்டும்? இருநூறா?"

"இருநூறா! அம்புட்டு யாரு அடிச்சா?"

"அதோ கட்டு கெடக்கே. மாசி மாசம் அடிச்சது. மகாராஜபுரம் ஏசம்மாள்னு ஒரு அம்மா. முன்பணம் குடுத்துட்டுப் போனா, இன்னும் எடுத்துக்க வரலை."

மைக்கேல் அந்தக் கட்டைத் திரும்பிப் பார்த்தான். அவன் வாங்கப்போகும் மூன்று பெட்டைகளும் மகாராஜபுரம் ஏசம்மாளுடையவை. தரகர் தேவஇரக்கம் பேசி முடித்திருந்தார். ஒன்று ஆயிரத்து ஐநூறு. 'ஆளு மேல ஆளு கேக்குதான் மைக்கேலு, நாளைக்குள்ள அட்வான்ஸ் குடுத்துரு' என்று நேற்றுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"அடிக்கட்டுமா வேண்டாமா, ஓய்?"

"செத்த பொறுங்க சாமி. வாரேன்."

அவன் மகாராஜபுரம் போக வத்திராயிருப்புப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். மணி பத்தே முக்கால். கடிதத்துக்கு இன்னும் ஆறே கால் மணி நேரம் இருந்தது.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. ஆனால் அவன் வெளியே எதையும் பார்க்கவில்லை. மூன்று வருடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் ஈற்றில் எட்டுக் குட்டிகள். ஆண் நாய்க்காரருக்கு வழக்கப்படி கூலியாக ஒரு குட்டி போக ஏழு. அதில் கடுவன், அதாவது ஆண் குட்டி, ஐநூறுக்குப் போயிற்று. எஸ்டேட் மேனேஜர், மதுரை டாக்டர், தென்காசி மரக்கடை முதலாளி என்று வந்தவர்கள் எல்லாம் கடுவன்தான் கேட்டார்கள். பெட்டைக் குட்டியை அவன் கெஞ்சி முந்நூறுக்குத் தள்ளிவிட வேண்டியிருந்தது. 'பெட்டை எதுக்குப்பா, வருசத்துக்கு ரெண்டு தடவ குட்டி போட்டுத் தொல்லை' என்றார்கள்.

போன வருடம் விஷயம் கசிந்து ஊர்க்காரர்களும் ரகசியமாக வந்தார்கள். நிலைமை தலைகீழ். பெட்டைக் குட்டி ஆயிரம் ரூபாய். கடுவன் இருநூறுக்குக் கேட்பார் இல்லை. சமுத்திரம் பெட்டைதான் வாங்கினான். இட்லிக் கடை குருவம்மாள் பெட்டைதான் வேண்டும் என்று மூன்று நாள் வாசலில் வந்து உட்கார்ந்தாள். 'கடுவன் ஓசியில கெடைக்குது, எடுத்துக்கோங்க' என்றதற்கு, 'அத நீயே வச்சு அழகு பாரு' என்றாள்.

பெட்டைக்கு விலை ஏறியதும் மைக்கேல் குடும்பத்தோடு மதுரைக்குப் போய்ப் பிரியாணி சாப்பிட்டு வந்தான்.

இப்போதுதான், பஸ் குலுங்கலில், அந்த விலைக்கு என்ன அர்த்தம் என்று உறைத்தது. காவலுக்கு நாய் வேண்டுகிறவன் கடுவன் கேட்பான். பெட்டை கேட்கிறவனுக்கு நாய் வேண்டாம், குட்டி வேண்டும். ஊரே பெட்டை கேட்டதென்றால் ஊரே குட்டி விற்கத் தயாராகிறது என்று பொருள். அவனிடம் வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் வாடிக்கையாளர்களே இல்லை. போட்டிக்காரர்கள். அவர்களை ஒவ்வொருவராக அவனே உருவாக்கி, சான்றிதழும் கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

ஒரு பெட்டைக்கு வருடத்துக்கு எட்டுக் குட்டி என்று வைத்தாலும் நாற்பத்தோரு பேருக்கு... எத்தனை டாக்டர், எத்தனை எஸ்டேட் மேனேஜர்?



மகாராஜபுரத்தில் இறங்கி ஏசம்மாள் வீட்டை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குரைப்புச் சத்தமே வழி காட்டியது. தென்னந்தோப்பு ஓரம் ஓட்டு வீடு. முள்வேலிக்குள்ளே வெள்ளை வெள்ளையாக எதுவோ அலைந்தது. எண்ணிப் பார்த்தான். பத்தொன்பது. எல்லாவற்றுக்கும் விலா எலும்பு தெரிந்தது.

வீட்டுக்குள்ளிருந்து கையில் கஞ்சிச் சட்டியோடு ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். அவனைப் பார்த்ததும் சட்டியைத் தொப்பென்று வைத்தாள்.

"யாருய்யா? நாய் கொண்டாந்திருந்தா அப்படியே திரும்பிப் போயிரு. சத்தியமா இங்க இடமில்ல."

"கொண்டாரலக்கா. வாங்க வந்திருக்கேன்."

ஏசம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வெயிலு மண்டைக்கு ஏறிருச்சா தம்பி? தண்ணி தரட்டா?"

"நெசமாத்தான். தரகரு தேவஇரக்கம் சொல்லி வாரேன். மூணு பெட்டை பேசியிருக்கோம்ல?"

"எம்புட்டுக்குப் பேசுனாக அவிய?"

"ஒண்ணு ஆயிரத்து ஐநூறு."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நிமிர்ந்தபோது கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. அது சிரிப்பால் மட்டும் வந்ததாகத் தெரியவில்லை.

"ஏய்யா, மூணு நாயையும் எங்கயாவது கொண்டு போயி விட்டுருங்கன்னு நான்ல அந்த ஆளு கையில நூறு ரூவா குடுத்து வச்சிருக்கேன்!"

மைக்கேல் வேலிக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவளே பேசிக்கொண்டு போனாள். இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவள். தளவாய்புரத்தில் ஒருவன் நாய்க்குட்டி விற்று மாடி கட்டினான் என்று கேள்விப்பட்டு எருமைகளை விற்றுவிட்டாள்.

"பாலு தார மாட்ட வித்து, பாலு குடிக்கிற நாய வாங்குனேன். மொத ஈத்து பூராவும் ஒரே வாரத்துல போயிருச்சு. எம்புட்டுச் சந்தோசம்! அடுத்த ஈத்துக்குப் பாதிதான் போச்சு. மாசி மாசத்துக்குப் பொறவு ஒரு ஆளு எட்டிப் பாக்கல. வாங்குனவன் எல்லாம் விக்க ஆரம்பிச்சுட்டான், பொறவு எவன் வாங்குவான்?"

"பத்தொம்பதும் ஒங்களோடதாக்கா?"

"எட்டுதான் என்னுது. மத்ததெல்லாம் இங்கன வந்து கட்டிட்டுப் போனது. 'அந்தப் பொம்பள கஞ்சி ஊத்துறா'ன்னு பேரு போயிருக்கு. பிளவக்கல் டேம் ரோட்டுல போயிப் பாரு, அவுத்து விட்டதுக எம்புட்டு அலையுதுன்னு. ஆயிரம் ரூவாக் குட்டிக தம்பி, எல்லாம் ஆயிரம் ரூவாக் குட்டிக!"

ஒரு நாய் மட்டும் இத்தனை சத்தத்துக்கும் தலையைத் திருப்பாமல் படுத்திருந்தது. பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. மைக்கேல் அதையே பார்ப்பதை அவள் கவனித்தாள்.

"அதுக்குக் காது கேக்காது. செக்கச் செவேல்னு மூக்கு வேணும், பொட்டுக் கறுப்பு இருக்கக் கூடாதுன்னு அண்ணன் தங்கச்சியவே சேத்து விட்டானுக. திருடன் வந்து மிதிச்சாத்தான் முழிக்கும்." அவள் வேலிக் கதவைத் திறந்தாள். "இந்தா, ஒனக்குன்னு பேசுனது அந்த மூணுதான். ஒத்தக் காசு வேண்டாம். அவுத்துக்கிட்டுப் போ."

"வேண்டாங்கா."

"பஸ்ஸுல ஏத்த மாட்டாம்னு பாக்கியா? வண்டி நான் பிடிச்சுத் தாரேன்."

"இல்லக்கா. நான் வாரேன்."

"ஒண்ணே ஒண்ணாவது கொண்டு போய்யா!" அவள் குரல் பின்னால் வந்தது. "அந்தச் செவிட்டையாவது கொண்டு போ!"

அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். பிறகு ஓடினான்.

ராஜபாளையத்தில் மில் வாசலை எட்டும்போது மணி நாலே முக்கால். ஆபீஸ் ஜன்னல் முன்னே வரிசை நின்றது. எண்ணியபோது பதினோரு பேர். அத்தனை பேர் கையிலும் மடித்த காகிதம். முதல் ஆள் சமுத்திரம்.

மைக்கேல் மூச்சிரைக்க அவன் தோளைப் பிடித்தான். "ஏலே சமுத்திரம், குடுத்துறாத. லெட்டரக் குடுத்துறாத."

"என்னலே ஆச்சு ஒனக்கு? பேயறஞ்ச மாதிரி வார?"

"நீ நாயத்தான நம்பிப் போற?"

சமுத்திரம் சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தான். "எந்த நாயி? எங்க மாமனாரு மாந்தோப்ப..."

"ஒன் மாமனாருக்கு மாந்தோப்பே கெடையாதுலே! பாஷ்யம் சாமி அச்சாபீசுல ஒன் பேரு தொங்குது. ஒன்ன மாதிரி நாப்பத்தோரு பேரு. என்னையும் சேத்துத்தான்!"

வரிசையில் நின்றவர்களில் இரண்டு மூன்று பேர் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் மைக்கேலுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெயர்களும் கயிற்றில் தொங்கியிருக்கும்.

அவன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். சான்றிதழ்களைச் சொன்னான். பெட்டை விலையைச் சொன்னான். மகாராஜபுரத்துப் பத்தொன்பது நாய்களைச் சொன்னான். சொல்லி முடித்தபோது வரிசையில் யாரும் அசையவில்லை. செய்தி ஏறிவிட்டது என்றுதான் நினைத்தான்.

சமுத்திரம் மெல்லச் சிரித்தான்.

"நல்லாப் பேசுத மைக்கேலு. மூணு வருசமா நீ சம்பாரிச்ச. இப்ப நாங்க வாரோம்னதும் வயிறு எரியுதாக்கும்? நீ நாய வித்து மாடி கட்டணும், நாங்க பஞ்சுத் தூசியத் தின்னுக்கிட்டு இருமிச் சாகணும்?"

"ஏலே, நான் கண்ணால பாத்துட்டு வாரேம்லே!"

"அப்ப ஒன் பெட்டைய எனக்குக் குடுத்துரு. அதான் தொழிலே படுத்துருச்சே? இருநூறு ரூவா தாரேன்," என்றான் பின்னால் நின்ற ஒருவன். வரிசை முழுக்கச் சிரித்தது.

"நீ மகாராஜபுரத்துக்கு எதுக்குப் போனன்னு எனக்குத் தெரியாதாக்கும்?" என்றான் சமுத்திரம். "அந்த மூணு பெட்டைக்கும் தரகரு எனக்குப் பேசிட்டாரு. ஒண்ணு ஆயிரத்து எழுநூறு. காலையில அட்வான்ஸும் குடுத்தாச்சு. ஒனக்குக் கெடைக்கலன்னு இப்ப ஊரக் கலைக்கப் பாக்க."

நேற்று ஆயிரத்து ஐநூறு. இன்று ஆயிரத்து எழுநூறு. நாயோ அங்கே சும்மா கொடுத்தாலும் எடுத்துப் போக ஆளில்லாமல் கஞ்சிக்கு நிற்கிறது!

"அடுத்து யாருப்பா?" என்றார் ஜன்னலுக்குள்ளிருந்து கிளார்க் ஸுந்தரராஜன். "சமுத்திரமா? குடு."

சமுத்திரம் நீட்டினான். கிளார்க் வாங்கி முத்திரைக் கட்டையை எடுப்பதற்குள் மைக்கேலின் கை ஜன்னலுக்குள் பாய்ந்தது. கடிதத்தைப் பறித்து நாலாகக் கிழித்துப் போட்டான்.

பளார் என்று அறை விழுந்தது.

சமுத்திரத்தின் கை அவ்வளவு கனம் என்று பதினான்கு வருடத்தில் மைக்கேலுக்குத் தெரிந்ததில்லை. ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டவன். மைக்கேலின் மகள் ஞானஸ்நானத்துக்கு ஆடு உரித்துக் கொடுத்தவன். அவன் கண்களில் இப்போது ஒரு திருடனைப் பிடித்த கோபம் இருந்தது.

"சார், ஒரு வெள்ளத் தாளு குடுங்க," என்றான் சமுத்திரம் மூச்சு வாங்க. கிளார்க் கொடுத்தார். ஜன்னல் கட்டையிலேயே வைத்து எழுதினான். எழுத்துகள் கோணின. கையெழுத்து மட்டும் தெளிவாக விழுந்தது. முத்திரை விழுந்தது. ஆறு வருடம் பதிலியாக வாசலில் நின்று வாங்கிய வேலை, அந்தச் சத்தத்தோடு முடிந்தது.

"மைக்கேல், ஒன்னுது எங்கப்பா? மணி ஆகுது," என்றார் ஸுந்தரராஜன்.

பத்துப் பேர் அவனையே பார்த்தார்கள். கன்னம் எரிந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவனுக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது: இத்தனை பேர் துணிகிறார்களே, ஒருவேளை தப்புக் கணக்குப் போட்டது நான்தானோ?

அந்தக் குரல்தான் அன்று முழுக்க அவன் கேட்டதிலேயே அவனை அதிகம் பயமுறுத்தியது.

"என்னுது இல்ல சார்," என்றான். "நாளைக்கு மொத ஷிப்டுல என் பேரு இருக்கட்டும்."

"லீவுல்ல சொல்லியிருந்த?"

"வாரேன் சார். எழுதிக்கோங்க."

அவன் ஜன்னலை விட்டு ஓர் அடி விலகினான். காலியான அந்த இடத்தில் வந்து நிற்க, பின்னால் இருந்தவனுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.